லானுக்குப் பதில் பொடுதலை... தண்ணீர் அதிகம் கேட்காத பூ விரிப்பை வளர்ப்பது எப்படி?

வீட்டு முன்னால கொஞ்சம் மண் தரை இருக்கா? அப்படியானால், அதை என்ன செய்வது என்ற பேச்சும் கண்டிப்பாக உங்கள் வீட்டில் ஓடியிருக்கும். "பேசாம சிமென்ட் போட்டுடலாம், சுத்தமா இருக்கும்" என்பார் அப்பா. "பேவர் பிளாக் போட்டா வண்டி நிறுத்தலாம்" என்பார் அண்ணன். "கொரியன் கிராஸ் போடலாம்ப்பா, ரீல்ஸ்ல எவ்ளோ அழகா இருக்கு" என்பீர்கள் நீங்கள். கடைசியில் ஜெயிப்பது பெரும்பாலும் சிமென்ட்தான். காரணம் சிம்பிள். புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கும் நேரமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஊற்றத் தண்ணீரும் இல்லை.

இந்தச் சண்டைக்கு நாலாவதாக ஒரு வழி இருக்கிறது. மண்ணை மூடிப் படரும், வருடத்தில் பெரும்பாலான நாள்கள் பூக்கும், வெயிலைத் தாங்கும், வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டால் போதும் என்று இருக்கும். அதோடு, காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் ஊர்க் குளக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ இப்போதும் அது கிடக்கிறது. பேர், பொடுதலை.

"அந்தக் களைச் செடியா?" என்று கேட்கிறீர்களா? அதேதான். நாம் களை என்று பிடுங்கிப் போடும் இந்தச் செடியைத்தான், புல்தரைக்குப் பதிலாக அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். அந்தக் கதையையும், உங்கள் வீட்டில் இதை எப்படி வளர்ப்பது என்பதையும் வரிசையாகப் பார்க்கலாம்.

யார் இந்தப் பொடுதலை?

தரையோடு தரையாகப் படரும் பல்லாண்டுச் செடி இது. தாவரவியல் பெயர், ஃபைலா நோடிஃப்ளோரா. லினேயஸ் 1753-ம் ஆண்டிலேயே இதற்கு வேறொரு பெயர் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். 'நோடிஃப்ளோரா' என்றால் கணுவில் பூப்பது என்று அர்த்தம். பெயரிலேயே இதன் குணம் பாதி வந்துவிடுகிறது. தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விடும். அதே கணுவிலிருந்து பூக்காம்பும் கிளம்பும்.

நல்ல வெயிலில் இதன் உயரம் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரைதான். கணுக்கு கணு வேர்பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி, பாய் விரித்ததுபோல ஆகிவிடும். குளக்கரையில் மண் சரியாமல் பிடித்து வைத்திருக்கும் செடிகளில் இதுவும் ஒன்று. மழைக்காலத்தில் நாலு நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது. கோடையில் காய்ந்து கிடந்தாலும், ஒரு மழை விழுந்ததும் கணுவிலிருந்து துளிர்க்கும். கடலோர ஊர்களின் லேசான உப்பு மண்ணையும் தாங்கும்.

பெயர்க்காரணம் கேட்டால், பாட்டிகள் 'பொடுகுத் தலைக்கு ஆகும் செடி' என்பார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. வடமொழியில் 'ஜலபிப்பலி', அதாவது நீர்த்திப்பிலி. பூக்கொண்டை முற்றி நீளும்போது குட்டித் திப்பிலி மாதிரியே இருப்பதால் வந்த பெயர். ஆங்கிலத்திலோ 'ஃப்ராக்ஃப்ரூட்', தவளைப் பழம்!

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

புல்தரைக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று நாம் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஹோஸைத் திறந்து விடுகிறோம், ஈரமானதும் மூடுகிறோம். இப்போது அளந்து பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது 1 லிட்டர். கோடையில் பச்சைப் புல்தரை ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர அடி என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். ஆக, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 லிட்டர். அதாவது மூன்று குடம். மாதத்துக்குச் சுமார் 1,400 லிட்டர். 20 லிட்டர் வாட்டர் கேன் கணக்கில் சொன்னால் 70 கேன்!

இதுவே அப்பார்ட்மென்ட் வாசலில் 1,000 சதுர அடி லான் என்றால், மாதத்துக்கு 14,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை முழுசாகக் குடித்துவிட்டு, இன்னும் கேட்கும்.

நன்றாக வேர்பிடித்த பொடுதலைக்குக் கோடையில் வாரம் ஒருமுறை 15 மில்லிமீட்டர் அளவுக்கு ஆழமாகத் தண்ணீர் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 100 சதுர அடிக்கு மாதம் சுமார் 600 லிட்டர் வரும். புல்லுக்கு ஆவதில் பாதிகூட இல்லை. ஒரு வாரம் மறந்துபோனால் நிறம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அடுத்த தண்ணீருக்குத் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று தோன்றினால், 2019 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடிக்க ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் ஊரில், புல்லுக்கு லாரித் தண்ணீர் ஊற்றுவது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சரி, தண்ணீர் கேட்காத சிமென்ட்டே போட்டுவிடலாமே என்றால், அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சிமென்ட் தரையில் விழும் மழை உங்கள் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடும். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும். பிளாஸ்டிக் செயற்கைப் புல்லும் அப்படித்தான். மே மாத மதியத்தில் வெறுங்காலோடு அதில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கலிஃபோர்னியாவில் என்ன நடந்தது?

இதே சிக்கல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்துக்கும் வந்தது. அங்கே வீட்டுக்கு வீடு லான் வைப்பது கலாசாரம். 2015 ஏப்ரலில், கடும் வறட்சிக்கு நடுவே, நகரங்களின் தண்ணீர்ப் பயன்பாட்டை 25 சதவிகிதம் குறைக்க ஆளுநர் ஜெர்ரி பிரவுன் உத்தரவிட்டார். 5 கோடி சதுர அடி புல்தரையை எடுத்துவிட்டு, வறட்சி தாங்கும் செடிகளை வைக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது.

புல்லை எடுத்துவிட்டு எதை வைப்பது? அங்கே கைகொடுத்த செடிகளில் ஒன்றின் பெயர் 'குராபியா'. ஜப்பானில் உருவாக்கப்பட்ட ரகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திடல்களிலும் சோதித்துப் பார்த்தார்கள். குறைந்த தண்ணீரில் பச்சையாகத் தரையை மூடுகிறது, பூக்கிறது, விதை பிடிக்காததால் கண்ட இடத்தில் பரவுவதும் இல்லை. இன்று அதைத் தட்டுத் தட்டாக விலை கொடுத்து வாங்கி நடுகிறார்கள்.

அந்தக் குராபியா வேறு யாருமில்லை. நம் பொடுதலையிலிருந்து உருவாக்கிய ரகம்தான்!

சரியான செடிதானா? இப்படிப் பாருங்கள்

கரையோரம் படர்ந்து கிடப்பதெல்லாம் பொடுதலை ஆகிவிடாது. கொண்டு வருவதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

1. இலை: கணுவுக்கு இரண்டு, எதிரெதிராக. காம்பு பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்றிருக்கும். ஓரத்தில் ரம்பப் பல் உண்டு. ஆனால், மேல் பாதியில் மட்டும். கீழ்ப் பாதி வழவழப்பு. இதுதான் முக்கியமான அடையாளம்.

2. தண்டு: தரையில் ஊர்ந்து போகும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால், கணுவில் வெள்ளை வேர்கள் தெரியும்.

3. பூ: இலையைவிட நீளமான காம்பின் நுனியில், தீக்குச்சித் தலை அளவில் ஒரு கருஞ்சிவப்புக் கொண்டை. அதைச் சுற்றி வளையல் போட்டதுபோல வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பொடிப் பொடிப் பூக்கள்.

4. பால்: தண்டை ஒடித்தால் பால் வரக் கூடாது. வந்தால் அது அம்மான் பச்சரிசி மாதிரி வேறு செடி.

நீண்ட காம்பில் தனியாக ஒரு சாமந்திக் குட்டி நிற்பதுபோல மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், அது வெட்டுக்காயப் பூண்டு. அதுவும் தரையில் படரும். ஆனால், இப்படிப் பாய் விரிக்காது.

எங்கே எடுப்பது?

குளக்கரை, ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, கோயில் குளத்தின் சுற்றுப்பாதை... கொஞ்சம் ஈரம் தங்கும் எந்த வெயில் இடத்திலும் இருக்கும். மூலிகைச் செடிகள் வைத்திருக்கும் நர்சரிகளிலும் கேட்டுப் பாருங்கள். "பொடுதலை இருக்காண்ணா?" என்று கேட்டாலே போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி அடித்த வரப்பிலும் எடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் மொத்தமாகச் சுரண்டி எடுத்துவிடவும் வேண்டாம். கரையில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு பை நிறைய தண்டு எடுத்தால், 100 சதுர அடிக்கு ஆரம்பிக்கப் போதும். ஈரத் துணியிலோ பழைய செய்தித்தாளிலோ சுற்றி, அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நடுவது எப்படி?

ஆடி மாதமோ, புரட்டாசி, ஐப்பசியில் மழை தொடங்கும் நேரமோ சரியாக இருக்கும். சித்திரை வெயிலில் ஆரம்பிக்க வேண்டாம். நட்டபின் எந்தக் கோடையையும் தாங்கும். வேர் பிடிக்கும்வரை குழந்தை மாதிரிதான்.

முதல் வேலை: களையைச் சுத்தமாக எடுப்பது. மொத்த வேலையில் பாதி இதுதான், இதில் சோம்பேறித்தனம் வேண்டாம். குறிப்பாக அருகம்புல்லும் கோரையும். கோரையை மேலே பிடுங்கினால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கையும் தோண்டி எடுக்க வேண்டும். அரை அடி ஆழம் கொத்தி, தண்ணீர் தெளித்து, இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். தப்பிய களைகள் தலைகாட்டும். அவற்றையும் எடுத்த பிறகு நடுங்கள். பொடுதலை பாய் விரித்த பிறகு அதற்குள் கோரை முளைத்தால், பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இரண்டாவது: மண். பெரிய தயாரிப்பு எதுவும் வேண்டாம். கட்டட வேலை நடந்த இடமாக இருந்தால் கல், சிமென்ட் கட்டி, ஆணி எல்லாம் பொறுக்கிவிடுங்கள். 100 சதுர அடிக்கு இரண்டு கூடை மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ தூவிக் கிளறினால் போதும். தரையைச் சமப்படுத்தி, மழைத் தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும்படி லேசாகச் சரிவு கொடுங்கள்.

மூன்றாவது: தண்டு. ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். ஏற்கெனவே வேர் விட்ட தண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

நான்காவது: நடவு. ஒரு அடிக்கு ஒன்று. சீக்கிரம் மூட வேண்டும் என்றால் முக்கால் அடிக்கு ஒன்று. விரலால் கோடு கிழித்து, தண்டைப் படுக்க வைத்து, இரண்டு கணுக்களை மண்ணால் மூடி, நுனியை வெளியே விடுங்கள். மேலே லேசாக அழுத்துங்கள். காற்று இடைவெளி இருந்தால் வேர் பிடிக்காது.

ஐந்தாவது: ஓரம் கட்டுவது. இது ஓடும் செடி. பக்கத்துக் கத்திரிக்காய்ப் பாத்திக்குள்ளும் போகும். சுற்றிலும் ஒரு வரிசை செங்கல்லைப் பாதி புதைத்து வைத்துவிடுங்கள். தாண்டி வருவதை மாதம் ஒருமுறை கத்தரித்தால் போதும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நட்டு, பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளியுங்கள். ஹோஸைப் பீய்ச்சினால் தண்டு எல்லாம் கிளம்பி மிதக்கும்.

முதல் 3 மாதம் பார்த்துக்கோங்க, அப்புறம் அது பார்த்துக்கும்

முதல் 2 வாரம்: தினமும் தண்ணீர். மழை பெய்தால் அன்று லீவு.

3-வது வாரத்திலிருந்து 6-வது வாரம் வரை: இரண்டு நாளைக்கு ஒருமுறை. புதுத் துளிர் தெரிய ஆரம்பிக்கும். இடைவெளிகளில் முளைக்கும் களைகளை விடாமல் எடுங்கள்.

7-வது வாரத்திலிருந்து: வாரம் இரண்டு முறை. நீளமாக ஓடும் தண்டுகளைக் காலி இடத்தின் பக்கம் திருப்பிவிட்டு, கணுவின் மேல் ஒரு பிடி மண் போடுங்கள். அங்கேயே வேர் விடும்.

நல்ல வெயில் இருந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் மண் தெரியாத அளவுக்கு மூடிவிடும். அதன்பிறகு கோடையில் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தேவையே இல்லை. மணல் அதிகமுள்ள மண் என்றால், கத்திரி வெயிலில் மட்டும் வாரம் இரண்டு முறை விடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, ஒருநாள் மண்ணுக்குள் இறங்கும்படி விடுவது முக்கியம். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். வறட்சியைத் தாங்குவதற்கான பலம் அங்கேதான் வருகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாமே இதற்குப் போதும்.

உரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கூடை மண்புழு உரம். அதற்கு மேல் கொடுத்தால் இலை பெருத்து, பூ குறையும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கத்தரிக்கோலாலோ அரிவாளாலோ மேலோட்டமாக வெட்டிவிட்டால், அடர்ந்து பூக்கும்.

வாடகை வீடா? மொட்டை மாடியா? நோ ப்ராப்ளம்

தரையே இல்லாதவர்களுக்கும் இது செட் ஆகும். அரை அடி ஆழமுள்ள அகலத் தொட்டியிலோ க்ரோ பேக்கிலோ செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவில் கலந்து நட்டுவிடுங்கள். தொங்கும் தொட்டியில் வைத்தால் விளிம்பைத் தாண்டி வழிந்து, பூக்களோடு கீழே இறங்கும். மாடியில் முருங்கை, மாதுளை, எலுமிச்சை மாதிரிப் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள், அதன் மேல்மண்ணில் நான்கு தண்டு நட்டால் போதும். வெயில் நேராக மண்ணில் விழாமல் மூடிக்கொள்ளும்.

ஒன்றை மறக்காதீர்கள்: தொட்டி மண் சீக்கிரம் காயும். 'வாரம் ஒரு தண்ணீர்' கணக்கு தரைக்குத்தான். மாடியில், கோடை நாள்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்ற வேண்டும். பால்கனி என்றால் குறைந்தது 5 மணி நேரம் நேர் வெயில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூவைத் தேடி யார் வருவார்கள்?

பூ சின்னதுதான், ஆனால் விருந்தாளிகள் நிறைய. கொசுத்தேனீ, சின்னத் தேனீ, விரல் நுனி அளவே உள்ள நீலப் பட்டாம்பூச்சிகள் என்று காலை நேரத்தில் தரை முழுக்கப் பறந்துகொண்டிருக்கும்.

சில மாதம் கழித்து, இலையில் முள் முள்ளாகக் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு புழு ஊர்ந்தால், பதறி மருந்தைத் தேடாதீர்கள். 'மயில் வசீகரன்' பட்டாம்பூச்சி முட்டையிடும் செடிகளில் பொடுதலையும் ஒன்று. அந்தப் புழு நாலு இலையைத் தின்றுவிட்டு, ஒருநாள் இறக்கையில் மயில் கண் வைத்துக்கொண்டு பறக்கும். தின்ற இலையை ஒரே வாரத்தில் செடி திரும்பக் கொடுத்துவிடும்.

தேனீ வருவதால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பூத்திருக்கும்போது வெறுங்காலோடு ஓடினால் கொட்டு வாங்க வாய்ப்பிருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடம் என்றால், நடக்க நடுவில் கல் பதித்துவிடுங்கள். அல்லது விடுமுறைக்கு முன் ஒருமுறை பூவை வெட்டிவிடுங்கள்.

எங்கே செட் ஆகாது?

எல்லா இடத்துக்கும் இதுவே பதில் என்று நினைத்துவிட வேண்டாம்.

மாமரத்தடி நிழலில் வளராது. வளர்ந்தாலும் தண்டு நீண்டு, மெலிந்து, பூக்காமல் நிற்கும். நிழலும் ஈரமும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு வல்லாரை பொருத்தம்.

தினமும் கிரிக்கெட் ஆடும் இடத்துக்கும் ஆகாது. அவ்வப்போது நடப்பதைத் தாங்கும். ஓடுவதையும் சறுக்குவதையும் தாங்காது. அங்கே அருகம்புல்தான் ராஜா.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உறைபனி விழும் ஊர்களில் குளிர்காலத்தில் கருகிப் பழுப்பாகும்.

கலர் கலராகப் பூ வேண்டும் என்பவர்கள், கல் பதித்த ஓரங்களிலும் வறண்ட மேட்டிலும் டேபிள் ரோஸ் வைக்கலாம். வெயில் ஏறியதும் மலர்ந்து மதியத்துக்கு மேல் மூடிக்கொள்வதால் 'பத்து மணிப் பூ' என்று கூப்பிடுகிறோமே, அதுதான். தண்ணீர் இன்னும் குறைவாகக் கேட்கும். ஆனால், மிதிபட்டால் உடைந்துவிடும். மழை அதிகமானால் அழுகும். இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம். 'படரும் மஞ்சள் டெய்சி', 'வெடேலியா' என்று நர்சரிகளில் தருவார்கள். பளபள இலை, மஞ்சள் பூ, பராமரிப்பே வேண்டாம் என்பார்கள். உண்மைதான், வேண்டாம்! மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த அந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு இன்று காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான் வருகிறது. இத்தனைக்கும் உண்ணிச்செடியும் பொடுதலையும் ஒரே குடும்பம். பொடுதலைக்கே தென் அமெரிக்காவில் ஒரு நெருங்கிய உறவு உண்டு. அது ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளிக்குப் போய், மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்டு பெரும் தலைவலியாகிவிட்டது. 'வேகமா பரவும்' என்பது எந்த இடத்தில் பரவுகிறது என்பதைப் பொறுத்து வரமா சாபமா என்று மாறும். அதனால்தான், காலங்காலமாக இந்த மண்ணில் இருக்கும் செடியை இந்த மண்ணிலேயே வையுங்கள் என்கிறோம்.

துவையலும் எண்ணெயும்

பொடுதலைத் துவையல் பல வீடுகளில் பாட்டி கைப்பக்குவம். இலையை நல்லெண்ணெயில் வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, தேங்காய், உப்பு சேர்த்து அரைத்தால் சுடுசோற்றுக்குச் சூப்பர். இலைச்சாற்றை எண்ணெயில் காய்ச்சிப் பொடுகுக்குத் தேய்ப்பதும் பழைய வழக்கம்.

ஆனால், நாய், பூனை நடமாடும் தரையிலிருந்து பறித்துச் சமைக்க வேண்டாம். சமையலுக்கென்று தனியாக ஒரு தொட்டி வையுங்கள். கர்ப்பிணிகளும், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நீங்க கேட்கப்போற கேள்விகள்

"பாம்பு வருமா?"
இந்தக் கேள்வி இல்லாமல் எந்தத் தோட்டப் பேச்சும் முடியாது. முழங்கால் உயரப் புதரில் ஒளிய இடம் கிடைக்கும். விரல் உயரப் படர்ச்சியில் அந்த அளவுக்குக் கிடைக்காது. பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வருகிறது. செங்கல் குவியல், விறகு, குப்பை இவற்றை அப்புறப்படுத்துங்கள். படர்ச்சியை வெட்டித் தாழ்வாக வைத்திருங்கள். இருட்டில் எந்தத் தரையில் நடந்தாலும் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

"சுவருக்குச் சேதம் வருமா?"
மர வேர் மாதிரி கடைக்காலைப் பிளக்கும் வேர் இல்லை. ஆனாலும் சுவரை ஒட்டி அரை அடி விட்டுவிடுங்கள். ஈரம் சுவரில் ஏறாமல் இருக்கும்.

"வேண்டாம்னு தோணினா எடுக்க முடியுமா?"
முடியும். ஆனால், ஒரே நாளில் முடியாது. ஒவ்வொரு கணுவும் ஒரு செடி என்பதால், விட்டுப்போன துண்டெல்லாம் துளிர்க்கும். இரண்டு மூன்று முறை தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

"ஏற்கெனவே லான் இருக்கே, எடுத்துட்டு வைக்கலாமா?"
வைக்கலாம். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் தோண்ட வேண்டாம். ஒரு ஓரத்தில் 100 சதுர அடியில் புல்லை வேரோடு எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு கோடை தாண்டிய பிறகு, மீதியைப் பற்றி யோசிக்கலாம்.

"அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்களே?"
'நம் மரபு, நம் மூலிகை' என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் செல்போனை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் லாரி பில்லை எடுத்து மேசையில் வையுங்கள். மேலே போட்ட கணக்கை உங்கள் லானின் அளவுக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்திலோ காம்பவுண்ட் ஓரத்திலோ யாரும் கண்டுகொள்ளாத ஒரு வெயில் மூலையைக் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் லான் மஞ்சளாகி, அந்த மூலை மட்டும் பூத்துக் கிடந்தால், அடுத்த மீட்டிங்கில் நீங்கள் பேச வேண்டிய வேலையே இருக்காது.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறீர்களா? காலையில் குளக்கரைப் பக்கம் ஒரு நடை போய், மேல் பாதியில் மட்டும் பல் வைத்த இலை, கருஞ்சிவப்புக் கொண்டை, சுற்றி வெள்ளை வளையல் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் பத்துத் தண்டு போதும், ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிடுங்கள். பஸ் பயணத்தைத் தாங்குமா என்று கவலைப்பட வேண்டாம். அது நம் ஊர் கோடையையே தாங்குகிற செடி.